இருக்கையும் நோவும்: அமர்ந்து செய்யும் உழைப்பின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அரியணைகளின் வரலாறு விரிவாக எழுதப்பட்டுள்ளது. அரியணையில் அமர்ந்தோரின் வமிசங்களும் போர்களும் கொடைகளும் கல்லிலும் ஏட்டிலும் பதிவு பெற்றுள்ளன. ஆயின், அவ்வரியணைமீது விரிக்கப்பட்ட பட்டை நெய்தவன் எத்தகைய பலகைமீது, எத்தனை மணிநேரம் அமர்ந்திருந்தான் என்பது வரலாற்றாசிரியரின் கவனத்தை அரிதாகவே ஈர்த்துள்ளது. உட்காரும்போது பிட்டப் பகுதியிலே தோன்றும் நோவு எள்ளலுக்கு உரிய பொருளாகவே பெரும்பாலும் கருதப்பட்டு வந்திருக்கின்றது. எள்ளலுக்குரியதாகக் கருதப்பட்டமையினாலேயே அது நெடுங்காலம் ஆய்வுக்குரியதாகக் கருதப்படவில்லை. ஆனால் அந்நோவுக்கும் ஒரு சமூக வரலாறு உண்டு. அது எவரிடத்தே தோன்றிற்று, எவ்வகை உற்பத்தி முறையினால் தோன்றிற்று, எவர் அதனைக் கண்டறிந்தனர், அதற்குத் தணிப்பாக எவை முன்வைக்கப்பட்டன என்பவற்றை, சிறப்பாக மேற்கு ஐரோப்பிய அனுபவத்தினை அடிப்படையாகக் கொண்டு, நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. உடலமைப்பும் நோவின் தோற்றுவாயும்

வரலாற்றுக்குச் செல்லுமுன் உடலமைப்புப் பற்றிய சில அடிப்படைகளைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் அவசியமாகின்றது. நாம் நிமிர்ந்து உட்காரும்போது உடலின் மேற்பாகத்து எடையிற் பெரும்பங்கு இடுப்பு வளையத்தின் அடியிலுள்ள இரு என்புப் புடைப்புகளின் மீதே தங்குகின்றது. நிற்கும்போது இப்புடைப்புகளைப் பிட்டத்தின் பெருந்தசை மூடியிருக்கும். உட்காரும்போதோ இடுப்பு மடிவதனால் அத்தசை பின்னோக்கி விலகிவிடுகின்றது. எனவே என்புக்கும் இருக்கைக்கும் இடையே எஞ்சுவன தோலும், கொழுப்பும், உராய்வைக் குறைக்கும் வழுவழுப்பான நீர்மப் பையுமே. நீண்ட அழுத்தத்தினாலும் இடைவிடாத உராய்வினாலும் இப்பை அழற்சியுறுங்கால் கூரிய நோவு உண்டாகின்றது.

இஃது ஒரு காரணம் மாத்திரமே. பின்சாய்ந்து அமரும்போதோ, வீழ்ந்து அடிபட்ட பின்னரோ, மகப்பேற்றின் பின்னரோ முதுகந்தண்டின் நுனியிலுள்ள வாலென்பு நோவுக்கு இடமாகலாம். முள்ளென்புகளுக்கு இடையிலுள்ள கசியிழையத் தட்டு பிதுங்கி நரம்பு வேரினை அழுத்தின், பிட்டத்திலிருந்து தொடை வழியாகக் காலுக்கு இறங்கும் நோவு தோன்றும். பிட்டத்தின் ஆழத்திலுள்ள, பேரிக்காய் வடிவான சிறு தசையொன்று இறுகி, அதனை அடுத்துச் செல்லும் சயற்றிக் நரம்பினை நெருக்குவதும் உண்டு. இவையனைத்துக்கும் பொதுவானதொரு பண்பு, அசையாது நீண்ட நேரம் அமர்ந்திருப்பதனால் நோவு மிகுவதும், எழுந்து நடமாடுவதனாற் பெரும்பாலும் குறைவதுமாகும். இப்பண்பினை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். எழுந்து நடமாடும் உரிமை எவருக்கு இருந்தது, எவருக்கு இருக்கவில்லை என்னும் வினா இதிலிருந்தே பிறக்கின்றது.

2. ரமாசினியின் வினா

தொழிலுக்கும் நோய்க்குமுள்ள தொடர்பினை முறையாக ஆராய்ந்தவருள் முதன்மையானவர் இத்தாலிய வைத்தியரான பேர்ணாடினோ ரமாசினி (1633 – 1714). மொடெனாவிற் பேராசிரியராகவிருந்த காலத்தில், 1700ஆம் ஆண்டில், தொழிலாளரின் நோய்கள் பற்றிய தமது நூலை அவர் வெளியிட்டார். பாதுவாவிற் பணியாற்றிய காலத்தில், 1713இல், அதன் விரிவுபடுத்தப்பட்ட பதிப்பு வெளிவந்தது. நோயாளியிடம் கேட்க வேண்டுமெனக் கிரேக்க வைத்திய மரபு வகுத்த வினாக்களோடு, அவன் செய்யும் தொழில் யாது என்னும் வினாவையும் வைத்தியன் சேர்த்துக்கொள்ளல் வேண்டும் என அவர் வற்புறுத்தினார். எளிமையான இவ்வினா வைத்தியத்தை நோயாளியின் படுக்கையருகிலிருந்து பட்டறைக்கு நகர்த்திற்று எனலாம்.

அந்நூலில் அமர்ந்து உழைப்போருக்கெனத் தனி அத்தியாயம் ஒன்று உண்டு. காலணி தைப்போரும் ஆடை தைப்போருமே அதன் முக்கிய மாந்தர். தையற்காரர் ஒரு காலைத் தொடையோடு மடித்து வைத்தபடி நெடுநேரம் தைக்க நேர்வதனால் அவர்களுக்குக் கால் மரத்தலும், நொண்டுதலும், இடுப்பிலிருந்து இறங்கும் சயற்றிக்கா நோவும் ஏற்படுகின்றன என அவர் குறிப்பிட்டார். இத்தொழிலாளரின் கழகங்கள் தம் திருநாளில் இருவர் இருவராக ஊர்வலம் செல்லும்போது, கூனியும் சாய்ந்தும் நடக்கும் அவர்களின் தோற்றம் காண்போருக்கு நகைப்பூட்டும் என்று அவர் எழுதியதும் கவனிக்கத்தக்கது. நகைப்புக்குரியதெனக் கண்ட அதே காட்சியினின்றும் அவர் நோய்க் காரணத்தைப் பிரித்தெடுத்தார். அமைதியாக நோக்குமிடத்து, அக்கூன் அவர்களின் இயல்பன்று. அவர்களின் வேலை அவர்களுடல்மீது எழுதிய எழுத்தாகும்.

1713ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்க்கப்பட்ட பகுதியில் எழுத்தர்களைப் பற்றி அவர் கூறுவனவும் நமக்குப் பயனுடையவை. இடைவிடாது அமர்ந்திருத்தல், ஒரே வகையிற் கையை ஓயாது அசைத்தல், பிழை நேராதிருக்க மனத்தை இறுக்கி வைத்திருத்தல் ஆகிய மூன்றினையும் அவர்தம் நோய்க்குக் காரணங்களாக அவர் வகுத்தார். இன்று கணினிமுன் அமர்ந்திருப்போருக்கு இவ்வகுப்பிற் சேர்க்க வேண்டியது மிகச் சிலவே. ஆனால் அவர் கூறிய பரிகாரமோ எல்லைக்குட்பட்டது. விடுமுறை நாட்களிலாவது உடற்பயிற்சி செய்து, பல நாட்கள் அமர்ந்திருந்தமையால் வந்த கேட்டினை ஓரளவு ஈடுசெய்ய வேண்டும் என்பதே அது. வேலை நாளின் நீளத்தை மாற்றுவது ஒரு வைத்தியனின் ஆற்றலுக்குள் அன்று இருக்கவில்லை.

3. தறியும் தையற்பலகையும்

ஆங்கில வைத்திய வழக்கில், பிட்டத்து நீர்மப் பையின் அழற்சிக்கு "நெசவாளரின் பிட்டம்" என்னும் பழம்பெயர் வழங்கி வந்துள்ளது. நோயின் பெயரே ஒரு தொழிலின் பெயராக அமைந்தமை தற்செயலானதன்று. ஐரோப்பியக் கைத்தறியாளன் ஒடுங்கிய மரப் பலகையொன்றின் விளிம்பில் முன்சாய்ந்து அமர்ந்தான். அவனுடைய இரு கால்களும் மாறிமாறி மிதிகளை அழுத்தின. கைகள் நாடாவை இருபுறமும் செலுத்தின. ஒவ்வொரு மிதிக்கும் உடலின் எடை ஒரு புடைப்பிலிருந்து மறு புடைப்புக்கு மாறியது. அழுத்தமும் உராய்வும் ஒருங்கே இயங்குவதற்கு இதனைவிடப் பொருத்தமான சூழல் அரிது.

இங்கு உற்பத்தி உறவுகளின் பங்கினை வலியுறுத்த வேண்டியுள்ளது. ஜோன் கே 1733இற் காப்புரிமை பெற்ற பறக்கும் நாடா நெசவின் வேகத்தைக் கூட்டிற்று. எட்மண்ட் காட்ரைட் 1785இல் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றார். விசைத்தறி பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஆலையுடன் போட்டியிட நேர்ந்த கைத்தறியாளரின் துண்டுக்கூலி தொடர்ந்து வீழ்ச்சியுற்றது. கூலி வீழ்ந்தபோது, முன்பு ஈட்டிய வருவாயில் ஒரு பகுதியையேனும் பெறுதற்கு அவன் இன்னும் நீண்ட நேரம் பலகைமீது அமர வேண்டியவனானான். வீடே பட்டறையாகவும், தானே தனது மேற்பார்வையாளனாகவும் இருந்தபோதிலும், எழுந்து நிற்கும் சுதந்திரம் அவனுக்குக் கூலி விகிதத்தினால் மறுக்கப்பட்டது. லியோன் நகரத்துப் பட்டு நெசவாளர் 1831இலும் 1834இலும், சிலேசிய நெசவாளர் 1844இலும் கிளர்ந்தெழுந்தமைக்குக் கூலி ஒரு முக்கிய காரணமாகும். ஆயின், கூலிக்கான போராட்டம் உடலுக்கான போராட்டமாகவும் இருந்தது என்பதை மறத்தலாகாது.

தையற்காரரின் நிலையும் இத்தகையதே. அவர்கள் பலகைமீது சம்மணமிட்டு அமர்ந்து தைத்தனர். தொடையின் குறுக்கே ஓடும் நீண்ட தசையொன்றுக்கு உடற்கூற்றியலார் வழங்கிய இலத்தீன் பெயர் "தையற்காரன்" என்னும் சொல்லடியாகப் பிறந்ததாகும். உழைப்போன் உடற்கூற்று நூலுள் நுழைந்தது இவ்வாறே: ஆளாகவன்றி ஒரு தசையின் பெயராக.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து வைத்தியரான சார்ள்ஸ் ரேர்ணர் தக்ரா, தொழில்கள் உடல்நலத்தையும் ஆயுளையும் எவ்வாறு பாதிக்கின்றன என்பது குறித்த நூலொன்றினை 1831இல் வெளியிட்டார். தையற்காரரின் வளைந்த முதுகையும், ஒடுங்கிய மார்பையும், குருதியற்ற முகத்தையும் விவரித்த அவர், எளியதொரு மாற்றத்தை முன்மொழிந்தார். பலகையில் உடலின் சுற்றளவுக்கு ஏற்பத் துளையொன்றை அமைத்து, அதன் கீழே இருக்கையை வைத்தால், கண்ணும் கையும் வேலைக்கு அண்மையில் இருக்க, முதுகு வளையாதிருக்கும் என்பதே அது. நமது குழித்தறியை அறிந்தோருக்கு இம்முன்மொழிவு புதுமையாகத் தோன்றாது. தரைமட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதியை இயக்கும் முறை தென்னாசிய நெசவாளரிடத்து நெடுங்காலமாக வழங்கி வந்ததாகும். குழித்தறி நோவற்றது என்பது இதன் பொருளன்று. கடினமான தரையும் முன்சாய்ந்த முதுகும் அங்கும் உண்டு. ஆயின், உழைப்போரின் அனுபவத்திற் பிறந்த தொழில்நுட்ப அறிவும், வைத்தியனின் கூர்ந்த நோக்கும் வேறு வேறு வழிகளில் ஒரே முடிவை அணுகியமை சிந்தனைக்குரியது. தக்ரா 1833இற் காலமானார். அவருடைய துளையிட்ட பலகையைவிட மலிவானது கூனிய முதுகு என்பதே அக்காலத்து முதலாளிகளின் கணக்காக இருந்தது.

அமர்ந்து செய்யும் உழைப்பின் மறுபக்கத்தையும் இங்கே சுட்டுதல் தகும். இரைச்சலற்ற பட்டறையிற் கைகள் வேலை செய்ய, காதும் மனமும் கட்டற்றிருந்தன. ஆகவே உரையாடலும் வாசிப்பும் அங்கே இடம்பெற்றன. இலண்டன் தொடர்புச் சங்கத்தை 1792இல் தோற்றுவித்த தோமஸ் ஹாடி ஒரு காலணி தைக்கும் தொழிலாளி. கியூபாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல், வேலை செய்வோருக்குப் பத்திரிகையும் நூலும் உரக்க வாசிக்கும் வழக்கம் நிலைபெற்றது. யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் பத்திரிகை வாசிப்பு நிகழ்ந்தமையை நம்மவர் அறிவர். உடலை முடக்கிய இருக்கையே சிந்தையைக் கூர்மையாக்கும் களமாகவும் அமைந்தது என்னும் முரண்பாடு, உழைப்பின் வரலாற்றை ஒற்றைப் பரிமாணத்தில் நோக்கலாகாது என்பதற்குச் சான்றாகும்.

4. அமர்தல் தடைசெய்யப்பட்டோர்

கைத்தொழிற் புரட்சியின் விளைவாக எழுந்த ஆலை, இப்பிரச்சினையைத் தலைகீழாக மாற்றிற்று. எங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட, இங்கிலாந்துத் தொழிலாளி வர்க்கத்தின் நிலை பற்றிய நூலில், ஆலைத் தொழிலாளர் நாள் முழுதும் நிற்க வேண்டியிருந்தமையையும், சன்னல் விளிம்பிலோ கூடையிலோ அமர்ந்தவர் தண்டம் செலுத்த நேர்ந்தமையையும் எடுத்துக்காட்டினார். கைத்தறியாளனின் மகன் எழ முடியாத தந்தைக்குப் பதிலாக, அமர முடியாத மகனானான். கால் வீக்கமும், நாளப் புடைப்பும், முதுகு நோவும் ஆலை தந்த புதிய கொடைகளாயின.

கடைகளிற் பணியாற்றிய பெண்களின் நிலையும் இவ்வாறே இருந்தது. நீண்ட கிளர்ச்சியின் பின்னர், பிரித்தானியாவில் 1899ஆம் ஆண்டில், பெண் பணியாளர் மூவருக்கு ஓர் இருக்கையாவது அளிக்கப்படல் வேண்டும் எனச் சட்டம் இயற்றப்பட்டது. மூவருக்கு ஒன்று என்னும் இக்கணக்கு, நாகரிகத்தின் அளவுகோலாகக் கொள்ளத்தக்கது. நூற்றாண்டொன்று கடந்த பின்னரும் இக்கோரிக்கை பழமையடையவில்லை. கேரளத்திற் பெண் தொழிலாளர் அமைப்புகள் நடத்திய இயக்கத்தின் பயனாக 2018இலும், அதனையடுத்துத் தமிழ்நாட்டில் 2021இலும், கடைப் பணியாளருக்கு இருக்கை வழங்கப்பட வேண்டும் எனச் சட்டத் திருத்தங்கள் செய்யப்பட்டன.

எனவே அமர்தல் கேடா, நிற்றல் கேடா என்னும் விவாதம் மெய்யான வினாவைத் தவறவிடுகின்றது. எப்பொழுது அமர்வது, எப்பொழுது எழுவது என்பதை உழைப்பவர் தீர்மானிக்கின்றாரா, அன்றி அவர் உழைப்பை வாங்கியவர் தீர்மானிக்கின்றாரா என்பதே வரலாறு நம்முன் வைக்கும் வினாவாகும்.

5. வைத்திய அறிவின் வளர்ச்சியும் அதன் வரையறைகளும்

நேப்பிள்ஸ் நகரத்து வைத்தியரான தொமெனிக்கோ கொற்றூனோ, இடுப்பு மூட்டின் நோவினின்றும் நரம்பின் வழியே இறங்கும் நோவினை வேறுபடுத்தி, 1764இல் ஒரு நூல் வெளியிட்டார். வாலென்பு நோவுக்கு அதன் வைத்தியப் பெயரை 1859இல் வழங்கியவர் எடின்பரோப் பேராசிரியர் ஜேம்ஸ் சிம்சன். பொஸ்ரன் நகரத்து அறுவை வைத்தியர்களான மிக்ஸ்ரரும் பாரும் 1934இல் வெளியிட்ட கட்டுரை, கசியிழையத் தட்டின் பிதுக்கமே பல சயற்றிக்கா நோவுகளுக்குக் காரணம் என நிறுவிற்று. பேரிக்காய் வடிவத் தசையின் பங்கு 1928இலும் 1947இலும் வெளியான ஆய்வுகளில் வற்புறுத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், வாலென்பை அடுத்த தோலில் உண்டாகும் புரைக்கட்டி அமெரிக்கப் படையினரிடையே பெருகியபோது, குலுங்கும் வண்டிகளில் நெடுநேரம் அமர்ந்தமையைக் காரணமாகக் கொண்டு அதற்கு "ஜீப் நோய்" என்னும் பெயர் 1944இல் வழங்கப்பட்டது.

இவ்வளர்ச்சி பெரும் நன்மை பயந்தது என்பதில் ஐயமில்லை. ஆயின், நோக்கு நரம்பின்மீதும் தட்டின்மீதும் குவியக் குவிய, ரமாசினி கேட்ட வினா பின்தள்ளப்பட்டது. உட்புறப் படங்களிலே தென்படும் தட்டு மாற்றங்கள், நோவேதும் இல்லாதோர் பலரிடத்தும் காணப்படுகின்றன என்பதைத் தொண்ணூறுகளில் வெளியான ஆய்வுகள் புலப்படுத்தின. படத்திற் காணப்படுவதெல்லாம் நோவின் காரணமாகாது. சுவீடன் நாட்டு நாக்கெம்சன் அறுபதுகளில் நடத்திய அளவீடுகள், ஆதாரமின்றி அமர்வது தட்டின்மீதான அழுத்தத்தை நிற்பதைவிட மிகுவிக்கும் எனக் காட்டின. வில்க்கேயும் பிறரும் 1999இல் வெளியிட்ட அளவீடு, அவ்வேறுபாடு அத்துணைப் பெரிதன்று எனக் காட்டிற்று. நேராக நிமிர்ந்து அசையாதிருத்தலே சிறந்த அமர்வு என்னும் பள்ளிக்கூட ஒழுக்கம் இதனால் ஆட்டம் கண்டது. எந்த நிலையாயினும் அது நீடிப்பதே கேடு என்பது இன்று பரவலாக ஏற்கப்படுகின்றது.

நீண்ட அமர்வின் கேடு பிட்டத்தோடு நிற்பதுமன்று. ஜெரி மொறிசும் அவர்தம் குழுவினரும் 1953இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில், இலண்டன் பேருந்துகளில் நாள் முழுதும் அமர்ந்திருந்த சாரதிகளைவிட, படியேறி இறங்கிய நடத்துநரிடத்து இதய நோய் குறைவாகக் காணப்பட்டது.

6. தணிப்பு

இவ்வறிவின் அடிப்படையிற் கூறத்தக்க தணிப்பு முறைகள் பெரும்பாலும் எளியவை. அரைமணி நேரத்துக்கு ஒருமுறையேனும் எழுந்து சிறிது நடத்தல், எடையை இருபுறமும் சமமாகப் பரப்பும் மெத்தையைப் பயன்படுத்தல், வாலென்பு நோவாயின் அவ்விடத்தே வெட்டு விடப்பட்ட மெத்தையைக் கொள்ளுதல், பாதங்கள் தரையிற் படியும் உயரத்தில் இருக்கையை அமைத்தல், பிட்டத் தசைகளையும் தொடையின் பின்தசைகளையும் மெல்ல நீட்டிப் பயிற்றுதல், வெப்பமோ குளிர்ச்சியோ எது இதமளிக்கின்றதோ அதனை இடுதல் ஆகியன அவற்றுள் அடங்கும். காற்சட்டையின் பின்பையில் தடித்த பணப்பையை வைத்து அமர்வதனால் உண்டாகும் நரம்பு நோவு 1978இலேயே வைத்திய சஞ்சிகையொன்றில் விவரிக்கப்பட்டது. அதற்கு மருந்து பணப்பையை எடுத்துவிடுவதேயாகும். இவற்றால் தணியாதவிடத்து, வைத்தியரின் ஆலோசனையுடன் அழற்சி நீக்கும் மருந்துகளும், இயன்மருத்துவமும், சிலவேளை ஊசி மருந்தும் பயன்படும்.

சில அறிகுறிகளைப் பொறுத்திருத்தல் ஆகாது. பிட்டத்தின் உட்புறமும் மறைவிடமும் மரத்துப்போதல், சிறுநீரையோ மலத்தையோ கட்டுப்படுத்த இயலாமை, கால்கள் வலுவிழத்தல் ஆகியன தோன்றின் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும். காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, இரவிலும் ஓயாத நோவு என்பனவும் தாமதமற்ற பரிசோதனையை வேண்டுவன.

அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கவும் என வைத்தியர் எழுதிக் கொடுக்கலாம். இலக்கு முறையில் வேலை செய்யும் தையல் இயந்திரப் பெண்ணுக்கு அத்துண்டுச் சீட்டினால் யாது பயன்? தணிப்பின் முதற்பகுதி வைத்தியத்தைச் சார்ந்தது. எஞ்சியது வேலை நேரத்தையும் வேலை ஒழுங்கையும் சார்ந்தது. இங்கிலாந்தின் 1847ஆம் ஆண்டுப் பத்துமணிச் சட்டமும், சர்வதேச தொழிலாளர் தாபனம் 1919இல் ஏற்ற எட்டுமணி நேர உடன்பாடும், எந்த மருந்தினும் கூடுதலான பிட்டங்களுக்கு ஆறுதல் அளித்தன எனின் அது மிகையாகாது.

7. நமது சூழல்

ஈழத்துப் பேச்சு வழக்கிலுள்ள "கதிரை", "வாங்கு", "மேசை" ஆகிய மூன்று சொற்களும் போர்த்துக்கேயர் வழிவந்தவை. கதிரை என்பதன் மூலமான போர்த்துக்கேயச் சொல், கிரேக்க, இலத்தீன் மொழிகளில் ஆயரின் இருக்கையையும் ஆசானின் இருக்கையையும் குறித்த சொல்லின் வழித்தோன்றலாகும். அதிகாரத்தின் இருக்கையாகத் தொடங்கிய அச்சொல், இன்று நம்மிடையே எவரும் அமரும் பொருளின் பெயராகிவிட்டது. சொல் சனநாயகமடைந்த அளவுக்கு இருக்கை சனநாயகமடைந்ததா என்பது வேறு வினா. நம் சமூகத்தில் யார்முன் யார் அமரலாம் என்பதைச் சாதி தீர்மானித்த காலம் நெடுந்தொலைவிலுள்ளதன்று. ஆசனத்தில் அமரும் உரிமைக்காகப் பள்ளிக்கூடங்களிலும் தேநீர்க் கடைகளிலும் ஒடுக்கப்பட்டோர் நடத்திய போராட்டங்களை யாழ்ப்பாண வரலாறு அறியும்.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம், தொழிலாளரின் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் நலவசதிக்குமான ஏற்பாடுகளை இந்நாட்டிற் கொணர்ந்தது. 1978இற் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியபின், ஆடைத் தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் தையல் இயந்திரத்தின்முன் அமர்ந்தனர். ரமாசினி கண்ட தையற்காரனுக்கும் இவர்களுக்குமிடையே இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. ஆயின் முன்சாய்ந்த முதுகும், ஓயாத மிதியும், எழுதற்கு இடந்தராத கூலி முறையும் அவர்களை ஒரே வரிசையில் நிறுத்துகின்றன.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று முடிபுகள் பெறப்படுகின்றன. முதலாவது, அமர்வினால் வரும் நோவு உடலின் அமைப்பில் வேர்கொண்டதாயினும், அதன் பரவலும் கடுமையும் உற்பத்தி முறையினால் நிர்ணயிக்கப்பட்டு வந்துள்ளன. இரண்டாவது, வைத்திய அறிவு நோவின் இடத்தை நுண்மையாகக் காட்டியபோதிலும், தொழில் யாது என்னும் வினாவை விடுத்தவிடத்து அது அரைகுறையாகவே நின்றது. மூன்றாவது, நிலையான தணிப்புகள் பல வைத்தியரின் அறையிலும் தொழிலாளரின் போராட்டத்திலும் ஒருங்கே உருவாயின.

ரமாசினியின் வினாவை இன்று நாம் சிறிது விரித்துக் கேட்க வேண்டியுள்ளது. உமது தொழில் யாது என்பதோடு, வேலைக்கிடையே நீர் விரும்பும்போது எழ உமக்கு இயலுமா என்றும் வைத்தியர் கேட்பாராக. அதற்கு வரும் விடைகளைத் தொகுத்து ஆராய்வது நமது பல்கலைக்கழக வைத்திய பீடங்களும் சமூகவியல் துறைகளும் ஒன்றிணைந்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.